பழைய ஃபேன்டஸி நூல்களின் முதல் அச்சு: அடையாளம் காணவும் வாங்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

"‘ஃபர்ஸ்ட் பப்ளிஷ்ட் இன் 1954’ என்று போட்டிருக்கிறது. முதல் பதிப்புதானே?"

இந்தக் கேள்வியோடு எனக்கு வரும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். காப்புரிமைப் பக்கத்தின் மேல் பாதியை மட்டும் எடுத்திருப்பார்கள். பதிலோ கீழ்ப் பாதியில் இருக்கும். சேகரிக்கத் தொடங்கிய புதிதில் நானும் மேல் வரியை மட்டும் நம்பி ஒரு மாதச் சேமிப்பை இழந்திருக்கிறேன். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசை தெரிந்திருந்தால் அந்தப் பணம் போயிருக்காது. அதனால் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ‘தி ஹாபிட்’, ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் நூல்களிலிருந்து வரும். ஆங்கில ஃபேன்டஸி நூல்களில் இவ்வளவு நுணுக்கமாக ஆராயப்பட்டவை குறைவு. அவற்றில் பழகிய கண்ணுக்கு மற்ற நூல்கள் எளிதாகிவிடும்.

1. மூன்று சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்

பதிப்பு, அச்சு, நிலை. இந்த மூன்றும் குழம்பினால் விலையும் குழம்பும்.

ஒரு நூலின் உரையைக் கோத்து முடித்த பிறகு, அதே உரையை எத்தனை தடவை அச்சடித்தாலும் அது ஒரே பதிப்புதான். ஒவ்வொரு தடவை இயந்திரத்தில் ஓட்டுவதும் ஓர் அச்சு. பிரிட்டனில் இதை ‘இம்ப்ரெஷன்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘பிரின்டிங்’. ஆகவே ‘முதல் பதிப்பு, ஒன்பதாம் அச்சு’ என்று ஒரு புத்தகம் இருக்கலாம். அதை விற்பவர் ‘முதல் பதிப்பு’ என்று எழுதினால் பொய் சொன்னதாக ஆகாது. ஆனால் சேகரிப்பவர் தேடுவது முதல் பதிப்பின் முதல் அச்சை. விளம்பரத்தில் ‘பதிப்பு’ என்ற சொல் மட்டும் இருந்தால், எத்தனையாவது அச்சு என்று கேட்காமல் அடுத்த பேச்சுக்குப் போகாதீர்கள்.

நிலை என்பது ஒரே அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஏற்படும் மாற்றம். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்றாம் பாகமாக 1955இல் வந்த ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ முதல் அச்சில் 49ஆம் பக்கத்தைப் பாருங்கள். சில பிரதிகளில் வரிகள் நேராக நிற்கும். சிலவற்றில் அச்செழுத்து நழுவி வரிகள் தொய்ந்திருக்கும். அடியில் ‘4’ என்ற சிறு எண் சில பிரதிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. எல்லாமே முதல் அச்சுதான். எது முந்தியது என்ற விவாதத்தை வைத்துக் கூடுதல் பணம் கேட்டால் நான் கொடுப்பதில்லை.

2. ஒரே ஒரு நூலில் தொடங்குங்கள்

‘ஃபேன்டஸி முதல் அச்சுகள்’ என்று பொதுவாகத் தேடக் கிளம்புகிறவர்கள் ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடுகிறார்கள். பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வழக்கம் மாறும் என்பதே காரணம். ஒரு பதிப்பகத்தின் பழக்கம் கைவந்த பிறகு அடுத்ததற்குப் போவது நல்லது.

தேர்வு செய்யும்போது எத்தனை பிரதிகள் அச்சானது என்று பாருங்கள். ‘தி ஹாபிட்’ 1937 செப்டம்பர் 21 அன்று ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் வெளியீடாக வந்தபோது அச்சானது 1,500 பிரதிகள். அந்த டிசம்பருக்குள் விற்றுத் தீர்ந்துவிட்டது. ஹாரி பாட்டரின் முதல் நூல் 1997 ஜூன் 26 அன்று புளூம்ஸ்பரியிலிருந்து வந்தபோது கெட்டி அட்டைப் பிரதிகள் 500 மட்டுமே. இவை இரண்டும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத விலைக்குப் போய்ப் பல வருடங்களாகின்றன. தொடக்கக்காரர் இவற்றை வாங்க வேண்டும் என்றில்லை. ஆனால் இவற்றின் அடையாளங்கள் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அதிகம் நடப்பது இந்த இரண்டில்தான்.

என்னைக் கேட்டால், ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று பாகங்களில், பிரிட்டனில் 1966இல் வந்த திருத்திய பதிப்புக்கு முந்திய அச்சுகளில் ஒன்றைக் குறிவையுங்கள் என்பேன். ஆசிரியர் முதலில் வெளியிட்ட உரை, பெரிய மடிப்பு வரைபடம், அவரே வரைந்த மேலுறை (அட்டையின் மேல் சுற்றியிருக்கும் தாள்) எல்லாம் அதில் இருக்கும். ஏழாவது, எட்டாவது அச்சு என்றால் விலை முதல் அச்சின் அருகில்கூட வராது. பழகிக்கொள்ள இதைவிட நல்ல நூல் எனக்குத் தெரியவில்லை.

3. கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன உருப்பெருக்கி, நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அது. புற ஊதா டார்ச் ஒன்று. ஓர் அளவுகோல். சுத்தமான, ஈரமில்லாத கை. கையுறை வேண்டாம், அதைப் போட்டுக்கொண்டால் தாளின் ஓரம் தெரியாமல் கிழித்துவிடுவோம்.

இவற்றைவிட முக்கியம் நூற்பட்டியல். டோல்கீனுக்கு வேய்ன் ஹாமண்ட், டக்ளஸ் ஆண்டர்சன் உதவியோடு தொகுத்த விவர நூற்பட்டியல் 1993இல் வந்தது. ஒவ்வோர் அச்சின் நாள், பிரதி எண்ணிக்கை, துணியின் நிறம் வரை அதில் இருக்கிறது. மற்ற ஆசிரியர்களுக்கு இணையத்தில் ஐ.எஸ்.எஃப்.டி.பி. என்ற இலவசத் தரவுத்தளம் உண்டு. அச்சு வரலாற்றைப் பார்க்க அது போதும். ஆனால் அது வாசகர்கள் சேர்த்துக் கட்டியது, எனவே பெரிய தொகை கொடுக்கும்முன் இன்னோர் இடத்திலும் சரிபாருங்கள்.

4. காப்புரிமைப் பக்கத்தைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்

புத்தகம் கைக்கு வந்ததும் அட்டையை ரசிக்கத் தோன்றும். வேண்டாம். நேராகத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்துக்குப் போங்கள். அட்டை பிடித்துப்போய்விட்டால் கண் அதற்கப்புறம் சாக்கு தேட ஆரம்பித்துவிடும். இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

ஆலன் அண்ட் அன்வின் நூல்களில் முதல் வரி ‘ஃபர்ஸ்ட் பப்ளிஷ்ட் இன் 1954’ என்றிருக்கும். இந்த வரி எல்லா மறு அச்சிலும் அப்படியே தொடரும். இரண்டாம் அச்சு வந்ததும் அதன் கீழே ‘செகண்ட் இம்ப்ரெஷன் 1954’ என்று சேர்ப்பார்கள், பிறகு மூன்றாவது, நான்காவது என்று நீளும். ஆக, முதல் வரிக்குக் கீழே எதுவும் இல்லாமல் இருப்பதுதான் முதல் அச்சின் அடையாளம். கீழிருந்து படிக்கச் சொல்வது இதனால்தான். கடைசி வரிதான் உங்கள் கையில் இருப்பது எது என்று சொல்லும்.

முதல் அச்சுத் தொகுப்பு என்றால் ‘தி ஃபெல்லோஷிப் ஆஃப் தி ரிங்’ 1954, ‘தி டூ டவர்ஸ்’ 1954, ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ 1955 என்று மூன்றும் தனித்தனி வரியோடு நிற்க வேண்டும். முதல் பாகம் 3,000 பிரதிகள், இரண்டாவது 3,250, மூன்றாவது 7,000 என்று அச்சடித்தார்கள். இந்த எண்களைப் பார்த்தாலே ஒன்று புரியும். மூன்றாம் பாகத்தின் முதல் அச்சை வாங்கியவர்களில் பாதிப் பேரிடமாவது முதல் பாகம் இரண்டாம் அச்சாகவோ அதற்குப் பிந்தியதாகவோதான் இருந்திருக்க வேண்டும். அதனால் ஒரே குடும்பத்தில் இருந்து வரும் தொகுப்புகூடக் கலந்துதான் வரும். அது மோசடி இல்லை. மூன்று பாகத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள், ஒன்றைப் பார்த்து மற்ற இரண்டையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிந்திய நூல்களில் எண் வரிசை வரும்: 10 9 8 7 6 5 4 3 2 1. இருப்பதிலேயே சிறிய எண்தான் அச்சின் எண். அடுத்த அச்சுக்கு ஒரு வரியைப் புதிதாகச் சேர்ப்பதைவிட, இருக்கும் எண்ணில் ஒன்றைச் சுரண்டி எடுப்பது அச்சகத்துக்கு எளிது. அதனால் வந்த பழக்கம் இது. சிலர் 1 3 5 7 9 10 8 6 4 2 என்று இரு பக்கமும் பிரித்துப் போடுவார்கள், எண்கள் குறையும்போது வரிசை நடுவிலேயே நிற்கட்டும் என்று. வரிசை எப்படி இருந்தாலும் விதி ஒன்றுதான்.

விதிவிலக்குகளும் உண்டு. அமெரிக்காவின் ரேண்டம் ஹவுஸ் பல ஆண்டுகளுக்கு முதல் அச்சில் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்ற சொற்களோடு 2இல் தொடங்கும் வரிசையைப் போட்டது. இரண்டாம் அச்சில் அந்தச் சொற்களை எடுத்துவிடும். லண்டனின் கொலான்ஸ் பழைய நூல்களில் முதல் அச்சு என்று சொல்லவே சொல்லாது, மறு அச்சானால் மட்டும் குறிப்பிடும். பதிப்பகத்தின் வழக்கம் தெரியாமல் பக்கத்தைப் படித்தால் நல்ல பிரதியைக்கூடக் கைவிட்டுவிடுவோம்.

பதிப்பகத்தின் பெயரையும் இதே மூச்சில் பாருங்கள். சி.எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் 1950 முதல் 1954 வரை வந்த ஐந்து நூல்களை வெளியிட்டவர் ஜெஃப்ரி பிளெஸ். 1955, 1956இல் வந்த கடைசி இரண்டும் பாட்லி ஹெட் வெளியீடு. ஏழும் பிளெஸ் பெயரோடு இருக்க வேண்டும் என்று தேடினால் கிடைக்காது.

5. உரையையும் ஒரு சாட்சியாகக் கேளுங்கள்

காப்புரிமைப் பக்கம் கிழிந்திருக்கலாம், படத்தில் மங்கலாக இருக்கலாம், மாற்றியும் வைத்திருக்கலாம். அப்போது கதை கை கொடுக்கும்.

‘தி ஹாபிட்’ நூலின் ஐந்தாம் அத்தியாயம், இருட்டில் விடுகதை போடும் பகுதி, 1951இல் இரண்டாம் பதிப்புக்காகத் திருத்தி எழுதப்பட்டது. 1937 உரையில் கோல்லம் என்ற குகைப் பிராணி போட்டியில் தோற்றால் மோதிரத்தையே பரிசாகத் தருவதாகச் சொல்லும். தேடிப் பார்த்து அது காணாமல் போயிருப்பதைக் கண்டு மன்னிப்புக் கேட்டு, வெளியே போக வழியும் காட்டும். திருத்திய உரையில் பந்தயமே வெளியே போகும் வழி காட்டுவதுதான். கடைசியில் அது ஆத்திரத்தோடு திருடன் என்று கத்தும். இரண்டு நிமிடம் படித்தால் தெரிந்துவிடும். எதையும் அளக்க வேண்டியதில்லை.

‘தி ஃபெல்லோஷிப்’ நூலுக்கு முன்னுரையைப் பாருங்கள். இந்தக் கதை உருவகம் இல்லை, தனக்கு உருவகக் கதைகளே பிடிக்காது என்று ஆசிரியர் வாதிடும் முன்னுரை திருத்திய பதிப்புக்காக எழுதப்பட்டது. 1954 பிரதியில் அது இருக்கக் கூடாது. மூன்றாம் பாகத்தின் கடைசியில் விரிவான பெயர் அடைவு இருந்தால் அதுவும் திருத்திய பதிப்புதான்.

எனக்கு இந்தப் படிதான் மிகவும் பிடித்தது. அட்டையை மாற்றலாம், மேலுறையை மாற்றலாம், ஒரு தாளைக்கூட வெட்டி ஒட்டலாம். ஓர் அத்தியாயம் முழுவதையும் மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை.

6. அச்சுப் பிழையைக் கடைசியில் எண்ணுங்கள்

புதியவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். நான் கடைசியில் பார்க்கச் சொல்வேன்.

ஹாரி பாட்டர் முதல் நூலின் 53ஆம் பக்கத்தில் பள்ளிக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலில் ஒரு மந்திரக்கோல் என்பது இரண்டு தடவை வரும். பின்னட்டையில் ‘ஃபிலாசஃபர்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டாவது ‘ஓ’ விடுபட்டிருக்கும். இந்த இரண்டையும் பார்த்ததும் பலர் துள்ளிக் குதிக்கிறார்கள். ஆனால் இதே பிழைகள் காகித அட்டைப் பிரதிகளிலும் உண்டு, அவை 500க்குள் அடங்குபவை இல்லை. கெட்டி அட்டை, 10 முதல் 1 வரை முழு எண் வரிசை, காப்புரிமை வரியில் ஜே.கே. என்று சுருக்காமல் ‘ஜோவன் ரௌலிங்’ என்ற முழுப் பெயர், இவற்றோடு சேர்ந்தால்தான் பிழைக்கு மதிப்பு. ஒரு பிழை திருத்தப்படும் வரை எத்தனை அச்சானாலும் கூடவே வரும். அதனால் பிழை இல்லாத பிரதியை ஒதுக்க அது உதவும். இருக்கும் பிரதியை உறுதிசெய்ய அது மட்டும் போதாது.

‘தி ஹாபிட்’ 1937 மேலுறையின் பின் உள்மடிப்பில் உள்ளது வேறு வகை. ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோலின் இயற்பெயரான டாட்ஜ்சன் என்பதில் ஓர் ‘இ’ எழுத்து கூடுதலாக விழுந்துவிட்டது. வெளியீட்டாளர் அந்த எழுத்தைப் பேனா மையால் அடித்துவிட்டு விற்றார். எனவே அந்த மடிப்பில் சின்ன மைக்கோடு இருந்தால் யாரோ கிறுக்கியது என்று நினைத்து அழிக்கப் பார்க்காதீர்கள்.

7. மேலுறையைத் தனிப் பொருளாகச் சோதியுங்கள்

புத்தகம் வேறு, மேலுறை வேறு. 1950களுக்கு முந்திய நூல்களில் விலையின் பெரும்பங்கு அந்த ஒற்றைத் தாளுக்குத்தான் போகிறது. அந்தக் காலத்தில் வாங்கிய பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள், அதனால் புத்தகம் எஞ்சிய அளவுக்கு உறை எஞ்சவில்லை. ஆகவே பிந்திய அச்சின் உறையை முந்திய அச்சின் மேல் போட்டு விற்பது சாதாரணமாக நடக்கிறது.

முதலில் விலையைப் பாருங்கள். ‘தி ஹாபிட்’ 1937இல் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ பாகம் ஒவ்வொன்றும் இருபத்தொரு ஷில்லிங். பிரிட்டன் 1971 பிப்ரவரி 15 அன்று தசம நாணயத்துக்கு மாறியது. புதிய பென்ஸில் மட்டும் விலை போட்ட உறை அதற்கு முந்திய புத்தகத்தோடு பிறந்திருக்காது. விலை இருந்த மூலை வெட்டப்பட்டிருந்தால் பரிசாகக் கொடுத்தவர் வெட்டியிருக்கலாம், அடையாளத்தை மறைக்கவும் வெட்டியிருக்கலாம். காரணம் எதுவானாலும் மதிப்புக் குறையும்.

பிறகு உறையில் இருக்கும் விளம்பரங்களையும் விமர்சன வரிகளையும் வாசியுங்கள். முதல் பாகத்தின் உறையில் மூன்றாம் பாகத்தைப் பாராட்டும் வரி இருந்தால் கணக்கு உதைக்கிறது என்று பொருள். சர்வதேசத் தர நூல் எண்ணோ (ஐ.எஸ்.பி.என்.), பார்கோடு எனும் கம்பிக் கோடுகளோ அச்சாகியிருந்தால் பேச்சே வேண்டாம். முதலாவது 1960களின் இறுதிக்குப் பிறகும், இரண்டாவது 1980களிலும்தான் நூல்களில் பரவின.

நகல் உறைகள் தனிப் பிரச்சினை. இங்கேதான் உருப்பெருக்கி வேலைக்கு வரும். ‘தி ஹாபிட்’ உறையில் மலைகளும் காடும் கறுப்பு, பச்சை, நீலம் என்று தட்டையான நிறங்களில் இருக்கும். சூரியனுக்குச் சிவப்பும் சேர்க்க ஆசிரியர் ஆசைப்பட்டார், செலவு கருதி பதிப்பகம் விட்டுவிட்டது. பச்சைக் காட்டின் ஓரத்தில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். அசலில் நிறம் ஒரே பூச்சாக, கறுப்பை ஒட்டி லேசாகப் பிசகி நிற்கும். நகலில் அந்தப் பச்சை மஞ்சளும் நீலமுமான புள்ளிகளாக உடைந்துபோகும், செய்தித்தாள் படத்தை உற்றுப் பார்ப்பது போல. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். 1937 காகிதத்தில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் கிடையாது, அதனால் மங்கலாகவே இருக்கும். இன்றைய தாளாக இருந்தால் நீல வெள்ளையாகப் பளிச்சென்று ஒளிரும். முதன்முதலாக இதைச் செய்து பார்த்தபோது, மேசையில் இருந்த இரண்டு உறைகளில் ஒன்று மட்டும் சட்டை காலரைப் போல மின்னியது.

இதோடு ஓர் எச்சரிக்கை. 2016இல் ஹார்ப்பர்காலின்ஸ் ‘தி ஹாபிட்’ முதற்பதிப்பின் நகலை அதிகாரபூர்வமாகவே வெளியிட்டது. அது நல்ல புத்தகம், எதையும் மறைக்காமல் விற்கப்பட்டது. பெட்டியும் துணைப் புத்தகமும் இல்லாமல் தனியாகக் கைமாறும்போதுதான் சிக்கல்.

8. புத்தகக் கழகப் பிரதிகளை விலக்குங்கள்

அமெரிக்க நூல்களில் அதிகம் சறுக்குவது இங்கே. உறுப்பினர்களுக்குத் தபாலில் மலிவாக அனுப்பப்பட்ட கழகப் பதிப்புகள் பார்வைக்குக் கடைப் பதிப்பு மாதிரியே இருக்கும். சிலவற்றில் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்ற வரிகூட அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

கையில் எடுத்தால் எடை குறைவு, தாள் முரடு, அளவு கொஞ்சம் சிறியது. மேலுறையில் விலை இருக்காது, உள்மடிப்பின் கீழே ‘புக் கிளப் எடிஷன்’ என்று இருக்கலாம். உறையைக் கழற்றிப் பின்னட்டையின் கீழ் மூலையை விரலால் தடவிப் பாருங்கள், சின்னப் புள்ளியோ சதுரமோ அழுத்தியிருந்தால் கழகப் பிரதி.

டபுள்டே நிறுவனத்தின் நூல்களில் கடைசிப் பக்கங்களில் ஒன்றின் உள் ஓரத்தில் ஓர் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு இருக்கும். அச்சான ஆண்டையும் வாரத்தையும் அது சொல்கிறது. குறியீடு இருந்தாலே கழகப் பிரதி என்று எண்ணிவிடாதீர்கள், அந்நிறுவனத்தின் கடைப் பதிப்பிலும் அது உண்டு. விலையும் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ வரியும் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

9. காகித அட்டைகளை ஒதுக்காதீர்கள்

குறைந்த பணத்தில் நல்ல சேகரிப்பு வேண்டுமென்றால் 1965 போதும். அந்த ஆண்டில் ஏஸ் நிறுவனம் அமெரிக்கக் காப்புரிமையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, டோல்கீனின் அனுமதி இல்லாமல் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று பாகங்களையும் 75 சென்ட் விலையில் போட்டது. பதிலுக்கு பாலன்டைன் பதிப்பகம் திருத்திய உரையை 95 சென்ட்டுக்கு வெளியிட்டது. அதன் பின்னட்டையில், இது ஒன்றே தன் சம்மதத்தோடு வந்தது என்று டோல்கீனின் அறிக்கை இருக்கும். ஏஸ் பின்னர் ஆசிரியருக்குப் பணம் கொடுக்கவும் மறு அச்சு போடாதிருக்கவும் ஒப்புக்கொண்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சண்டையே அலமாரியில் நிற்கும்.

பாலன்டைன் பிரதிகளில் காப்புரிமைப் பக்கத்தில் ஒவ்வோர் அச்சின் மாதமும் ஆண்டும் வரிசையாக இருக்கும். மறுபடி அதே விதிதான், கடைசி வரியைப் பாருங்கள். ‘தி ஹாபிட்’ அட்டையில் கதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சிங்கம் இருக்கும். டோல்கீனுக்கு அது எரிச்சலைக் கொடுத்தது, பிந்திய அச்சுகளில் எடுத்துவிட்டார்கள். இந்த மாதிரிப் பிரதிகள் சென்னை நடைபாதைக் கடைகளிலும் எப்போதாவது தலைகாட்டும். அமெரிக்கக் காகித அட்டைகள் இங்கே மூட்டையாக வந்த காலம் ஒன்று உண்டு. முதுகை வளைத்துப் பார்க்காமல், பாதி திறந்து மட்டும் பாருங்கள். அறுபது வருடப் பசை ஒரு வளைவில் உடைந்துவிடும்.

10. பணம் கொடுக்கும்முன் இந்தப் படங்களைக் கேளுங்கள்

காப்புரிமைப் பக்கம் முழுவதும், தலைப்புப் பக்கம், உறையின் இரண்டு உள்மடிப்புகள், உறை கழற்றிய அட்டை, முதுகு, மேலிருந்து பார்த்தால் தெரியும் தாள் விளிம்பு, விரித்த வரைபடம். எல்லாம் பகல் வெளிச்சத்தில். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ பாகங்களில் கடைசியில் ஒட்டியிருக்கும் கறுப்பு சிவப்பு வரைபடம் மடிப்பில் கிழிந்திருப்பது சகஜம், பிய்த்தெடுத்ததும் உண்டு. கேட்காவிட்டால் பெரும்பாலானவர்கள் சொல்வதில்லை.

பிரதி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் சொற்களில் கவனம். பழைய நூல் வணிகத்தில் ‘குட்’ என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அடிபட்டுத் தேய்ந்திருக்கிறது, பக்கங்கள் எல்லாம் இருக்கின்றன, அவ்வளவுதான். ‘வெரி குட்’ என்பதுதான் நாம் சுமார் என்று சொல்வது. ‘ஃபைன்’ என்றால்தான் உண்மையிலேயே நல்ல பிரதி. இந்த ஒரு விஷயம் தெரியாமல் வாங்கிவிட்டு விற்றவரோடு சண்டை போட்ட நண்பர்கள் எனக்கு உண்டு.

நூலக முத்திரை இருந்தால் விலை நன்றாக இறங்கும். படிக்கவும் பழகவும் வாங்குகிறீர்கள் என்றால் அது நல்ல வாய்ப்பு. முதலீடாக நினைத்தால் தொடாதீர்கள். கையெழுத்துப் பிரதி என்று யாராவது சொன்னால் புத்தகத்தை முதலில் மதிப்பிடுங்கள், கையெழுத்தைத் தனியாக ஒரு நிபுணரிடம் காட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு, சுங்கம், காப்பீடு மூன்றையும் விலையோடு கூட்டிய பிறகுதான் பேரம் பேசுங்கள். திருப்பி அனுப்பும் உரிமை எழுத்தில் இருக்கட்டும்.

நான் இழந்த பணம் இந்தப் படியில்தான் போனது. முதல் அச்சு என்று சொல்லப்பட்ட ‘தி டூ டவர்ஸ்’ பிரதியில் அட்டையும் உறையும் அழகாக இருந்தன. காப்புரிமைப் பக்கப் படம் கழுத்தோடு வெட்டி எடுத்ததுபோல் முதல் வரியோடு நின்றது. நான் முழுப் படம் கேட்கவில்லை. பார்சலைப் பிரித்தபோது அந்த வரியின் கீழே இன்னும் ஐந்து வரிகள் இருந்தன.

11. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரம் மற்ற புத்தகங்களோடு சேர்க்காதீர்கள். பூச்சி இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி ஒரு வாரத்துக்கு மேல் உறைபெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, முழுவதும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த தாளில் நம் ஊர்க் காற்றின் ஈரம் அப்படியே படியும்.

மேலுறைக்குப் பாலியெஸ்டர் தாளில் செய்த காப்புறை போடுங்கள். கடையில் பள்ளிப் புத்தகத்துக்குப் போடும் பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் மையோடு ஒட்டிக்கொள்ளும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டுவது கிழிசலைவிடப் பெரிய சேதம். அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புப் பட்டையாக நிரந்தரமாகிவிடும்.

வேப்பிலையும் வசம்பும் பாட்டி காலத்து வழக்கம்தான். ஆனால் பக்கங்களுக்கு நடுவில் வைத்தால் கறை இறங்கும், அலமாரியின் மூலையில் துணி முடிச்சாக வையுங்கள். இராமபாணப் பூச்சி ஈரத்தையும் பழைய பசையையும் தேடி வருவது. சுவரை ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு அலமாரி நிற்கட்டும், மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றுங்கள். வெயில் படும் ஜன்னலுக்கு எதிரே வைத்தால் முதுகு ஒரே கோடையில் வெளுக்கும்.

கடைசியாக, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். புத்தகத்துக்குள் வேண்டாம், தனிக் கோப்பில். எந்த நாளில், என்ன விலைக்கு வாங்கினீர்கள், காப்புரிமைப் பக்கத்தின் கடைசி வரி என்ன, உறையின் விலை என்ன, என்ன குறை. என் ‘ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ சீட்டில் இப்படி இருக்கிறது: "1955, முதல் அச்சு. பக்கம் 49 வரிகள் தொய்வு. வரைபடத்தில் இரண்டாம் மடிப்பில் அரை அங்குலக் கிழிசல், ஒட்டவில்லை. உறை இல்லை. முன் தாளில் முந்திய உரிமையாளரின் பெயர் பென்சிலில், அழிக்கவில்லை."